கைப்பிடி வரும் நேரம்

அத்தியாயம் பதினொன்று

மாந்தோப்பை விற்றுப் புது மெஷின் வாங்குவது என்று போன வெள்ளிக்கிழமை நாராயணப்பன் வீட்டுக் கூடத்தில் முடிவாயிற்று. முடிவு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓசூர் கடலை மில் முதலாளி நாராயணப்பன். இன்னொருவர் அவருடைய மாப்பிள்ளை கோவிந்தப்பன்.

தோப்பு இந்த இரண்டு பேருடையதும் இல்லை. அது மருமகள் காவேரியின் தோப்பு. கிருஷ்ணகிரிப் பக்கம் மூன்று ஏக்கர். கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா அவள் பேரிலேயே எழுதி வைத்தது.

"மில்லு வளரணும்னா எல்லாரும் கை குடுக்கணும்மா. உன்னது ஒரு கையெழுத்துத்தானே?" என்று அன்று கேட்டார் மாமனார்.

"கையெழுத்துதாங்க மாமா" என்றாள் காவேரி. போடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொன்னதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவள் புருஷன் சென்னப்பன் பக்கத்தில்தான் நின்றான். அப்போது அவன் உத்தரத்தில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாளைக் காலை ஆறரை மணி பஸ்ஸில் கிருஷ்ணகிரி ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் புறப்பட வேண்டும். நடுவில் இருப்பது இன்று ஒரு நாள்.

இந்த ஒரு நாளையும் மாப்பிள்ளை கோவிந்தப்பன் உற்பத்தித் திறனுக்கு ஒதுக்கியிருந்தார்.

கோவிந்தப்பன் பெங்களூரில் பத்து நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர். போகும்போது அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. வரும்போது தலையில் வெள்ளைக்காரத் துரை மாதிரி சோளாத் தொப்பி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஸ்டாப் வாட்ச், கக்கத்தில் கண்ணாடி போட்ட சர்ட்டிபிகேட். நாற்பது பேர் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோவும் ஒன்று உண்டு. அதில் மூன்றாவது வரிசையில் அவருடைய பாதி முகம் தெரியும். பாதி முகமானாலும் மாமனார் முழு மரியாதை கொடுத்தார்.

"தேசமே இன்னிக்கு உற்பத்தித் திறனைத்தான் நம்பிக்கிட்டிருக்குது மாமா" என்றார் மாப்பிள்ளை, வந்த அன்றே.

மறுநாளே மில் வாசலுக்கு, 'உழைப்போம்! உற்பத்தியைப் பெருக்குவோம்!' என்று ஒரு பலகை எழுதக் கொடுத்தார் நாராயணப்பன். அந்தப் பலகையைத் தூக்கி மாட்ட ஆறு ஆளும் அரை நாளும் பிடித்தன. அன்று உற்பத்தி பாதி.

இன்று காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை மில்லுக்கு வந்தபோது கூடவே காவேரியும் வந்தாள். வாட்ச்சை அமுக்குகிறவரே எழுதவும் முடியாது என்பதைப் பெங்களூரில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காவேரி எட்டாவது வரை படித்தவள், கையெழுத்தும் நன்றாக இருக்கும், சம்பளமும் கேட்க மாட்டாள்.

கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து நேற்றைய மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மெஷின் கடலைக்காயை உடைத்துத் தள்ளும். இவர்கள் அதைப் புடைத்து, சொத்தையையும் நொறுங்கலையும் பொறுக்கி எடுத்து, நல்ல பருப்பைக் குவியலில் சேர்க்க வேண்டும்.

கோவிந்தப்பன் அவர்களில் ஒருத்தியான பாப்பம்மாவின் எதிரே போய் நின்றார்.

"பாப்பம்மா, ஒரு மொறம் பொறுக்க உனக்கு எத்தினி நேரம் ஆவுதுன்னு பாக்கப் போறேன். பயப்படாத."

"எனக்கு இன்னா பயம் சாமி? நீங்கதான் மூச்சப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க."

வாட்ச் டிக் என்றது. பாப்பம்மா பொறுக்கினாள். பதினோரு நிமிஷம். காவேரி எழுதிக்கொண்டாள்.

"கவனிச்சியா தங்கச்சி? இவ எடது கை சும்மாவே இருக்குது. உற்பத்தித் திறன்ல பாதி அங்கியே போவுது."

"எடது கை மொறத்தப் புடிச்சிருக்குது சாமி" என்றாள் பாப்பம்மா. "வுட்டா உங்க கால் மேலதான் வுழும்."

கொட்டகையே சிரித்தது. கோவிந்தப்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"தரையில வை. ரெண்டு கையாலயும் பொறுக்கு."

பாப்பம்மா அப்படியே செய்தாள். ஏழு நிமிஷம்! மாப்பிள்ளையின் முகத்தில் நாற்பது பேர் போட்டோவின் முதல் வரிசையில் உட்கார்ந்த களை வந்துவிட்டது. காவேரி குனிந்து, பொறுக்கிய குவியலைக் கையால் அளைந்து பார்த்தாள். பிறகு எழுதினாள்: 'ஏழு நிமிஷம். குவியலில் சொத்தை ஒரு பிடி.'

"சொத்தை எதுக்கு? நேரத்த மட்டும் எழுது."

"சரிங்கண்ணா" என்றாள் காவேரி. எழுதியதை அடிக்கவில்லை.

எட்டு மணிக்கு நேற்றைய மிச்சம் தீர்ந்துபோயிற்று. பெண்கள் முறங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெற்றிலையைப் பிரித்தார்கள். கோவிந்தப்பன் வாட்ச்சை அமுக்கினார்.

"எழுது. பன்னெண்டு பேர் சும்மா."

பயிற்சியில் கொடுத்த அச்சுப் படிவத்தைப் பார்த்து மாப்பிள்ளையே நோட்டில் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். கடைசிக் கட்டத்தின் தலையில் 'காரணம்' என்று இருந்தது.

"இதுல என்னாங்கண்ணா எழுதறது?"

"நீ கண்ணால பாக்கறத எழுது. நான் அப்பறம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, காபி குடிக்க வீட்டுக்குப் போனார் மாப்பிள்ளை.

காவேரி கண்ணால் பார்த்தாள்.

மெஷின் நின்றுகொண்டிருந்தது. மெஷினை ஓட்டும் ஆயில் இன்ஜினும் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் டிரைவர் மாரிசாமி அதன் பக்கத்தில் துணியை வைத்துக்கொண்டு, ஏற்கனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். இன்ஜின் கிளம்ப வேண்டுமானால் கைப்பிடியைச் சொருகிச் சுற்ற வேண்டும். கைப்பிடி இங்கே இல்லை. அது முதலாளி வீட்டுப் பூஜை அறையில் இருந்தது.

இன்ஜின் வாங்கிய வருஷம், முதல் வாரத்திலேயே கைப்பிடி திருட்டுப்போயிற்று. பழைய இரும்புக் கடையில் அகப்பட்டது. அன்று முதல் நாராயணப்பன் அதை மில்லில் விடுவதில்லை. சாயங்காலம் தானே எடுத்துப் போவார். காலையில் அதற்குக் குங்குமம் வைத்து, பூஜை முடித்து, தானே கொண்டுவருவார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகும்போதும் அது அவரோடு போகும். மில்லும் வீடும் ஒரே காம்பவுண்டில் இருந்ததால், இன்ஜின் சத்தத்தில் முதலாளிக்குப் பகல் தூக்கம் வராது. ஆகவே அவர் தூங்கி எழும் வரை கைப்பிடியும் தூங்கும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் நடந்தது. இதில் வியப்பதற்கு ஏதாவது உண்டு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

எட்டரை மணிக்கு இரண்டு வண்டிகள் கடலைக்காயோடு வந்து நின்றன. ஒரு மூட்டையை உடைத்து, எவ்வளவு பருப்புத் தேறுகிறது என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவது வழக்கம். இன்ஜின் ஓடாமல் விலை இல்லை.

"மொதலாளி எந்திரிச்சாச்சா?" என்று கேட்டார் முன் வண்டிக்காரர்.

"அவரு எந்திரிச்சாச்சு" என்றான் மாரிசாமி. "கைப்பிடிக்குத்தான் இன்னும் பூசை ஆவல."

"ஆவட்டும், ஆவட்டும். மெதுவா ஆவட்டும். நாங்க பாகலூர் ரோட்டு மில்லுக்குப் போறோம்."

இரண்டு வண்டிகளும் திரும்பின. காவேரி 'காரணம்' கட்டத்தில் எழுதினாள். கட்டம் போதவில்லை. ஓரத்திலும் எழுதினாள்.

பத்து மணி பத்து நிமிஷத்துக்குக் கைப்பிடி வந்தது. சரிகைக் கரை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மஞ்சள் துணியில் சுற்றிய கைப்பிடியை இரண்டு கையிலும் ஏந்தி நாராயணப்பன் நடந்து வந்தார். பின்னால் சென்னப்பன் குடை பிடித்து வந்தான். குடை அப்பாவுக்கா கைப்பிடிக்கா என்பது அவனுக்கே தெரியாது. பெண்கள் எழுந்து நின்றார்கள். காபி முடித்து வந்த மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றினார். மாரிசாமி கைப்பிடியை வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சொருகி, மூன்று சுற்றுச் சுற்றினான்.

இன்ஜின் புகையைக் கக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"ஆயித்து சாமி!" என்று கன்னடத்தில் கூவினான் மாரிசாமி. தினமும் ஏதோ பெரிய காரியம் முடிந்தது போல அவன் அப்படித்தான் கூவுவான்.

காவேரி எழுதினாள்: 'பத்து மணி பன்னிரண்டு நிமிஷம்.'

பன்னிரண்டு மணிக்கு இன்ஜின் நின்றது.

அதற்குப் பிறகு இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று அரை மணி நேரம் நின்று பார்த்துத் திரும்பிப் போயிற்று. இன்னொன்று திம்மப்பனுடையது. அஞ்செட்டிக்கு அந்தப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து வந்த அவருடைய மாடுகளுக்கு அடுத்த மில் வரை நடக்கத் தெம்பில்லை. அவர் வண்டியை அவிழ்த்துவிட்டு நிழலில் படுத்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு சென்னப்பன் கொட்டகைப் பக்கம் வந்தான்.

"அந்த நோட்டுல என்னா எழுதற?"

"மணிங்க."

"அப்பா பேரெல்லாம் வருதா?"

"அவரு பேரு எங்கியும் வரலைங்க. கைப்பிடி பேருதான் வருது."

சென்னப்பன் சிரிக்கலாமா என்று யோசித்தான். சுற்றும்முற்றும் பார்த்தான்.

"நாளைக்குக் காலைல பஸ்சு ஆறரைக்கு."

"தெரியுங்க."

"உனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்லியே?"

காவேரி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இதப் போன வெள்ளிக்கிழம கேட்டிருந்தா எல்லார் முன்னாடியும் பதில் சொல்லியிருப்பேன். அந்தத் தோப்பு எங்கப்பா எனக்குக் குடுத்ததுங்க. நம்ம மில்லு வளரட்டும், வேணாங்கல. வளர்றதுக்கு அத வித்துத்தான் ஆவணுமான்னுதான் காலைலருந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

சென்னப்பன் இந்த முறை உத்தரத்தைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தான். பக்கத்தைப் புரட்டி, காலையிலிருந்து எழுதியது முழுவதையும் படித்தான். படித்துவிட்டு ஓசைப்படாமல் திரும்ப வைத்தான்.

மூன்று இருபத்தைந்துக்கு மறுபடியும் மஞ்சள் துணி வந்தது. ஐந்தரைக்கு இன்ஜின் நின்றது.

சாயங்காலம் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். நாராயணப்பன் ஊஞ்சலில். மாப்பிள்ளை அவருக்கென்றே வாங்கிய கைவைத்த நாற்காலியில். அவர் மனைவி வெங்கடம்மாள் வெற்றிலைத் தட்டோடு. சென்னப்பன் சுவரோரம். காவேரி சமையலறை வாசலில்.

மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்தார். முன்கூட்டிப் படித்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தார். மாமனாரோடு சேர்ந்து மத்தியானம் அவரும் தூங்கிவிட்டதால் நேரம் கிடைக்கவில்லை. அதனால் என்ன? எழுதச் சொன்னது அவர்தானே!

மேடையில் படிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"இன்றைய தினம் நமது மில்லில் நடத்தப்பட்ட நேர ஆராய்ச்சி. வேலை நேரம் பத்தரை மணி. இதில் இன்ஜின் ஓடியது மூன்று மணி ஐம்பத்து மூன்று நிமிஷம். நின்றது ஆறு மணி முப்பத்தேழு நிமிஷம்."

"பாத்தீங்களா மாமா!" என்று இடையில் நிறுத்தினார். "இதத்தான் நான் அன்னிக்கே சொன்னேன். சோம்பேறித்தனம்!"

"படிங்க மாப்ளே, படிங்க. எந்தச் சோம்பேறின்னு பாத்துடலாம்."

"நின்றதற்குக் காரணம். காலையில் கைப்பிடி பூஜையில் இருந்தது, மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம். மத்தியானம் கைப்பிடி..."

மாப்பிள்ளையின் குரல் ஒரு படி இறங்கியது. ஆனால் மேடைக் குரலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஆரம்பித்துவிட்டால் வாக்கியம் முடியாமல் நிற்காது.

"...தூங்கியது, மூன்று மணி இருபத்தைந்து நிமிஷம்."

வெங்கடம்மாள் பாக்கு வெட்டுவதை நிறுத்தினாள். ஊஞ்சலும் நின்றது.

"மேல இருக்குதா?" என்றார் நாராயணப்பன்.

"இருக்குதுங்க மாமா."

"படிங்க."

"வந்த வண்டி நான்கு. காத்திருக்க முடியாமல் வேறு மில்லுக்குப் போனது மூன்று." மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "புது மெஷின் இப்போது வாங்கினால் பழைய மெஷினோடு அதுவும் சேர்ந்து நிற்கும். ஏனென்றால் அதை ஓட்டும் இன்ஜினுக்கும் ஒரு கைப்பிடி இருக்கும். இருப்பதை முதலில் முழு நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் வாங்குவது நல்லது."

வெங்கடம்மாள் பாக்குவெட்டியைத் தட்டில் வைத்தாள்.

நாராயணப்பனின் மூக்கு நுனி சிவந்தது. இந்த வார்த்தைகளை மகன் சொல்லியிருந்தால் சொம்பு பறந்திருக்கும். மாரிசாமி சொல்லியிருந்தால் வேலை பறந்திருக்கும். சொன்னது மாப்பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளி டம்ளருக்குப் பதில் பித்தளை டம்ளரில் காபி கொடுத்ததற்காக நாலு மாதம் இந்த வாசலை மிதிக்காத மாப்பிள்ளை.

"மாப்ளே... இதெல்லாம் பெங்களூர்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

கோவிந்தப்பனுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. இதை நான் படிக்கவே இல்லை என்று ஒப்புக்கொள்ளலாம். அல்லது இதெல்லாம் என் கண்டுபிடிப்பு என்று சொல்லலாம். அவர் யோசித்த நேரத்தை ஸ்டாப் வாட்ச்சில் பிடித்திருந்தால் முள் அசைந்திருக்காது.

"ஆமாங்க மாமா. பயிற்சியோட சாரமே அதுதானுங்க. மத்ததெல்லாம் சும்மா."

நாராயணப்பன் கையை நீட்டி நோட்டை வாங்கினார். தூரத்தில் பிடித்து, பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு சமையலறை வாசல் பக்கம் ஒரு பார்வை.

"கையெழுத்து முத்து முத்தா இருக்குது மாப்ளே" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை வெறுமனே தலையை ஆட்டினார்.

"சரி. மாப்பிள்ள வார்த்தைய நான் தட்டினதில்ல. முப்பது நாளு. கைப்பிடி மில்லுலயே இருக்கட்டும். மாரிசாமி பொறுப்பு. ஏழு மணிக்கு ஓடணும்."

"அப்ப பூசைக்கு?" என்றாள் வெங்கடம்மாள்.

"சாமி படத்த மில்லுல மாட்டுங்க. சாமிக்கு என்னா, மத்தியானத் தூக்கமா இருக்குது?"

"உங்களுக்கு இருக்குதே?"

"காதுல பஞ்சு வெச்சிக்கறேன். எல்லாரும் சேந்து என்னியத் தூங்க வுடாம பண்றதுதான் உற்பத்தின்னா, நடக்கட்டும்."

ஊஞ்சலிலிருந்து எழுந்தார். நாலு அடி நடந்து நின்று, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"இப்ப தெனம் இருவது மூட்ட ஆவுது. முப்பதாம் நாளு அது நாப்பதா இருக்கணும். இருந்தா தோப்பு பேச்ச நானே எடுக்க மாட்டேன். இல்லன்னா அன்னிக்கே பஸ்சு ஏறணும், ஒரு வார்த்த பேசக் கூடாது. கேட்டுச்சாம்மா காவேரி?"

"கேட்டுச்சுங்க மாமா."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோவிந்தப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னுடைய ஆராய்ச்சி இவ்வளவு தூரம் போகும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"பாத்தியா தங்கச்சி? எடுத்துச் சொல்ற விதத்துல சொன்னா பெரியவங்களும் கேப்பாங்க."

"ஆமாங்கண்ணா. நீங்க படிச்சதாலதான்" என்றாள் காவேரி. அது பொய் இல்லை.

மேற்கே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. காவேரி மில் பக்கம் வந்தபோது மாரிசாமி, சென்னப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாப்பம்மா வீட்டுக்குப் புறப்பட்டவள், செய்தி கேட்டு நின்றுவிட்டாள். திம்மப்பன் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு மேல்தான் அவருடைய சரக்குக்கு விலை முடிந்து மூட்டைகள் இறங்கியிருந்தன. சென்னப்பன் குடோன் வாசலில் நின்றான்.

"தெனம் பத்து மணி நேரம் ஓட்டிடறன்மா" என்றான் மாரிசாமி. "அதுக்கு நான் பொறுப்பு. ஆனா ஓட்டறதுக்குக் கடலக்காய்?"

காவேரி குடோனுக்குள் எட்டிப் பார்த்தாள். ஓர் ஓரத்தில் மட்டும் மூட்டைகள் இருந்தன. தினம் நாற்பது மூட்டை பருப்பு என்றால் இது நாலு நாளைக்குக் காணாது. இன்ஜினைப் பற்றி யோசித்த அளவுக்கு இதை அவள் யோசிக்கவில்லை. வந்த நாலு வண்டியில் மூன்றைத் திருப்பி அனுப்பிய மில்லுக்கு நாளை யார் வருவார்கள்?

"ஒருத்தனும் வர மாட்டான்" என்றாள் பாப்பம்மா, கேட்காமலே. "இங்க வந்தா பொழுது போயிடும்னு சந்தைல பேரு வாங்கி வெச்சிருக்கமே."

"எங்க பக்கம் வூட்டுக்கு வூடு கெடக்குது சாமி" என்றார் திம்மப்பன், நுகத்தைச் சரிசெய்தபடி. "எடுத்துட்டு வந்து காத்துக் கெடக்கத்தான் யாருக்கும் மனசில்ல. ஒருத்தர் வந்து, வந்த ஒடனே ஒடச்சிப் பாத்து அனுப்பறம்னு வாக்குச் சொன்னா, நாளான்னிக்கே பத்து வண்டி கெளம்பும்."

"அஞ்செட்டிக்குப் பஸ் எப்பங்க?" என்று புருஷனைக் கேட்டாள் காவேரி.

"இன்னிக்குப் போயிடுச்சி. இனிமே நாளான்னிக்கு."

முப்பது நாளில் இரண்டு நாள் அங்கேயே போயிற்று. காவேரி நோட்டை மூடினாள்.

சென்னப்பன் வண்டியைப் பார்த்தான். மாடுகளைப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"திம்மப்பண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"நீங்களா? ராத்திரி பூரா ஆட்டும் சின்ன மொதலாளி."

"ஆட்டட்டும்."

அவன் சக்கரத்தில் கால் வைத்து ஏறினான். காவேரி, "சாப்பிடலியே நீங்க?" என்றாள். அவன் கையை மட்டும் அசைத்தான். வண்டி பலகைக்கு அடியில் நுழைந்து ரோட்டுக்கு வந்து, தேன்கனிக்கோட்டைப் பக்கம் திரும்பியது.

மணிச் சத்தம் மறைந்த பிறகுதான் வீட்டுக் கதவு திறந்தது.

"சென்னப்பா!" என்று உள்ளிருந்து நாராயணப்பனின் குரல். "டேய் சென்னப்பா!"

மாரிசாமி கைப்பிடியை அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தான். பாப்பம்மா எங்கோ பார்த்தாள். காவேரி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"அவரு இல்லீங்க மாமா. அஞ்செட்டிக்குப் போயிருக்காரு. மில்லு சார்பா கடலக்காய் பேசி முடிக்க."

நாராயணப்பன் வாசற்படியில் வந்து நின்றார். காதில் பஞ்சு எதுவும் இல்லை.

"யாரக் கேட்டு?"